மோட்டார் ரூம் சுவர்

எங்கள் குடியிருப்பில் எந்த வேலைக்கும் பாதிப் பணம் முன்னால் தருவார்கள். மீதி, வேலை முடிந்த படத்தைக் காட்டிய பிறகுதான். லிஃப்ட் பழுது பார்க்க வந்தவன் முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு, மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் லிஃப்டை நிற்க வைத்துவிட்டுப் போனதிலிருந்து இந்த விதி. அப்போது லிஃப்டுக்குள் சங்கத் தலைவர் இருந்தார். அதனால் விதி கொஞ்சம் கடுமையாகவே அமைந்துவிட்டது. குழாய் மாற்றினால் குழாயைப் படம் எடுக்க வேண்டும். கரப்பானுக்கு மருந்து அடித்தால் செத்த கரப்பானைப் படம் எடுக்க வேண்டும்.

போர் நடக்கிற இடத்துக் குடும்பங்களுக்கு உதவலாம் என்று சங்கம் முடிவு செய்தபோது, செலவை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று ஒரு மாலை முழுவதும் பேசினார்கள். தண்ணீர், மின்சாரம், காவல், பராமரிப்பு என்று நான்கு தலைப்புகள்தான் இருந்தன. புதிதாக ஒன்று தொடங்கப் பொதுக்குழு கூட வேண்டும். பொதுக்குழு கூடினால் கார் நிறுத்தும் இடத்தைப் பற்றிச் சண்டை வரும். எனவே பராமரிப்பில் எழுதினார்கள். பராமரிப்பு என்று எழுதியதும் விதியும் கூடவே வந்து ஒட்டிக்கொண்டது. பாதி முன்னால், மீதி படம் வந்த பிறகு.

அந்தப் படத்தை அனுப்ப வேண்டியவள் என் அண்ணியின் அக்கா.

அண்ணி அங்கே பிறந்தவள். அண்ணனைக் கல்யாணம் செய்துகொண்டு இங்கே வந்துவிட்டாள். அவளுடைய அக்கா வரவில்லை. வீடு இடிந்த பிறகு அக்கா இரண்டு பையன்களோடு ஒரு பள்ளிக்கூடத்தில் இருக்கிறாள். வகுப்புக்கு மூன்று குடும்பம். பெஞ்சுகளைச் சுவரோடு ஒதுக்கிவிட்டுத் தரையில் படுக்கிறார்கள். எல்லோருக்கும் சேர்த்துச் சமைக்கிற பொறுப்பு அக்காவுடையது.

சின்னவனுக்கு மூச்சிரைப்பு உண்டு. குண்டு விழுகிற ஒவ்வொரு முறையும் எழும்புகிற தூசி அடங்க வெகுநேரம் ஆகும். அதற்குள் அவன் நெஞ்சில் விசில் கேட்க ஆரம்பித்துவிடும். இன்ஹேலர் எல்லைக்கு இந்தப் பக்கத்து ஊரில் கிடைக்கிறது. வாங்க அண்ணன் சம்பளம் போதும். அதைக் கொண்டு போகிற வண்டிக்குத்தான் போதாது. பாதை திறக்கும்போது ஒரே ஒரு டிரைவர் போகிறார். அவர் உயிருக்கும் சேர்த்துத்தான் வாடகை. அவருடைய வண்டி நிறைய மாவு, போர்வை, மருந்து என்று பள்ளிக்கூடம் முழுவதற்கும் ஏற்றினால்தான் கிளம்புவார். அதற்குத்தான் சங்கத்தின் பணம்.

பணம் சேர்ந்த விதத்தை நான் குறை சொல்ல மாட்டேன். முதல் மாடிப் பாட்டு டீச்சர் கச்சேரி வைத்தார். பிள்ளைகள் காசு வாங்கிக்கொண்டு கார் கழுவினார்கள். சில கார்களின் கண்ணாடி திறந்திருந்ததையும் கவனிக்காமல் கழுவினார்கள். எல்லாவற்றையும் விட அதிகம் சேர்ந்தது கேக் ஏலத்தில். ஏலம் எடுத்தவர் பெருந்தன்மையாக, "எனக்கு எதுக்கு, மறுபடி ஏலம் விடுங்க" என்று கேக்கைத் திருப்பிக் கொடுத்தார். அடுத்தவர் சும்மா இருப்பாரா? அவரும் கொடுத்தார். பெருந்தன்மை மேசைக்கு மேசை பரவி, கடைசியாக வாங்கியவர் வெட்டப் போனபோது கத்தி இறங்கவில்லை. ஆனால் அந்த ஒரே கேக்கால் ஒரு பள்ளிக்கூடமே ரொட்டி சுட்டுச் சாப்பிட்டது. முதல் பாதிப் பணத்தில் வண்டி போய், மாவும் அடுப்பும் இன்ஹேலரும் போய்ச் சேர்ந்தன.

இன்ஹேலர் தீர்ந்துகொண்டு வந்தது. இரண்டு வேளை மருந்தை அக்கா ஒரு வேளை ஆக்கியிருந்தாள். வருகிற வெள்ளிக்கிழமை பாதை திறக்கிறது என்று டிரைவர் சொல்லி அனுப்பினார். அதை விட்டால் எப்போது என்று அவருக்கே தெரியாது. இனி மீதிப் பணம் வர வேண்டும். அதற்குப் படம் வர வேண்டும்.

நான் வேதியியல் படித்து, மண் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். சயின்ஸ் படித்த பெண் என்பதால் கமிட்டி கூடும்போது புரொஜெக்டரைப் பொருத்துகிற வேலை எனக்கு. அந்தக் கூட்டங்களில் நான் அதுவரை பேசியது "பிளக் எங்க இருக்கு?" என்பது மட்டும்தான்.

முதல் வீடியோ வந்தது. அக்கா பிள்ளைகள் எல்லோரையும் குளிப்பாட்டியிருந்தாள். எண்ணெய் தடவி வகிடு எடுத்துத் தலை வாரியிருந்தாள். இருந்ததிலேயே நல்ல சட்டையைப் போட்டுவிட்டிருந்தாள். முப்பத்திரண்டு வீட்டுக்காரர்கள் பார்ப்பார்களே என்று. கரும்பலகையைத் துடைத்து நடுவில் "நன்றி" என்று எழுதி, இரண்டு பக்கமும் சாக்பீஸில் பூ வரைந்திருந்தாள். அடுப்பைக் காட்டினாள். மாவு மூட்டையைக் காட்டினாள். எல்லோருக்கும் நன்றி என்றாள். சின்னவன் கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கை ஆட்டினான். முன்பல் ஒன்று இல்லை.

கமிட்டி அறையில் விளக்கைப் போட்டதும் தலைவர் என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, இவங்க நல்லாத்தானே இருக்காங்க?"

பொருளாளர் ஒரு பல் டாக்டர். நிதானமான மனிதர். சண்டை நடக்கிற மாதிரி ஒன்றும் தெரியவில்லையே என்றார். அந்த வகுப்பறை நம் கமிட்டி அறையை விடச் சுத்தமாக இருக்கிறது என்றார் இன்னொருவர். உடனே எல்லோரும் கமிட்டி அறையைச் சுற்றிப் பார்த்தார்கள். வீட்டு நம்பர் ஒன்றைக்கூடச் சொல்லவில்லை என்ற குறையும் வந்தது. கொடுத்தவர்களின் நம்பரை வரிசையாகச் சொன்னால்தானே யார் கொடுத்தது அங்கே போய்ச் சேர்ந்தது என்று தெரியும்? குழாய்க்காரனே எந்த வீட்டுக் குழாய் என்று எழுதித்தானே படம் அனுப்புகிறான்?

நம்பர்களை அனுப்பினோம். அக்கா ஜெனரேட்டர் முன்னால் வரிசையில் நின்று ஃபோனுக்குச் சார்ஜ் ஏற்றி இரண்டாவது வீடியோ எடுத்தாள். இந்த முறை பூ இல்லை. கரும்பலகையில் நம்பர்களை எழுதிவைத்து, பாடம் நடத்துகிற மாதிரி ஒவ்வொன்றாக வாசித்தாள். பாதியில் சின்னவன் இருமினான். அடக்கப் பார்த்தான், முடியவில்லை. அவள் ஒரு கையால் அவன் முதுகைத் தடவிக்கொண்டே மீதியை வாசித்து முடித்தாள்.

இதையும் கமிட்டி ஏற்கவில்லை. இரண்டாவது பிளாக்கில் ஒரு வீட்டுக்காரர், அந்தக் கேக்கை மூன்று முறை ஏலம் எடுத்தவர், எழுந்து நின்றார்.

"அந்தப் பையன் இருமின இடத்துல என் வீட்டு நம்பர் அமுங்கிப் போச்சு."

திரும்ப ஓட்டச் சொன்னார்கள். ஓட்டினேன். இருமல் கேட்டது. நம்பர் கேட்கவில்லை. மறுபடி ஓட்டச் சொன்னார்கள். நான்காவது முறையும் அந்தப் பையன் அதே இடத்தில் இருமினான். அந்த இருமலுக்குத்தானே மருந்து என்று எனக்குச் சொல்ல வேண்டும் போலிருந்தது. எழுந்துவிட்டேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "வால்யூம் இதுக்கு மேல வராது சார்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

தலைவர் கெட்டவர் இல்லை. அப்படி இருந்தால் சுலபமாக இருந்திருக்கும். பொதுப்பணம் பாரும்மா, நாளைக்கு ஒருவர் எழுந்து கேள்வி கேட்டால் நான்தானே பதில் சொல்ல வேண்டும் என்று என்னிடம் தனியாக வந்து சொன்னார். கொஞ்சம் இடிஞ்ச சுவர், கொஞ்சம் இருட்டு, அவ்வளவு இருந்தால் போதும், பிள்ளைகள் சிரிக்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்லும்மா என்றார். போகிறபோது, அந்தப் பையனுக்கு இருமலுக்கு வெந்நீர் கொடுக்கச் சொல் என்றும் சொன்னார்.

நான் வீட்டுக்கு வந்தபோது அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். அண்ணி கோபப்படவில்லை. மூன்றாவது வீடியோ வராது என்றாள். ஜெனரேட்டருக்கு டீசல் தீர்ந்துவிட்டதாம். அக்காவின் ஃபோனில் மிச்சம் இருக்கிற சார்ஜ், டிரைவர் கூப்பிட்டால் எடுப்பதற்கு.

"அவங்களுக்கு எப்படித்தான் இருக்கணுமாம்?"

சொன்னேன். இடிஞ்ச சுவர், இருட்டு, சிரிக்காத பிள்ளைகள்.

அண்ணி கடைசிச் சட்டையையும் மடித்து அடுக்கின் மேல் வைத்தாள். பிறகு மோட்டார் போட வேண்டும், வா என்றாள்.

எங்கள் குடியிருப்பில் தண்ணீர் மோட்டாரைப் போடுவது வாரம் ஒரு வீட்டின் முறை. அந்த வாரம் எங்களுடையது. மோட்டார் ரூம் கார்கள் நிற்கிற தளத்துக்கும் கீழே இருக்கிறது. அதன் ஒரு பக்கச் சுவரில் பூச்சு முழுவதும் உதிர்ந்து செங்கல் தெரியும். மேலே ஓர் இடத்தில் கம்பி வளைந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கசிகிற தண்ணீர் செங்கல் நடுவே பாசி பிடித்து இறங்கும். கையை வைத்தால் கையோடு ஒரு பிடி சுவர் வரும். இதைப் படம் எடுத்துக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் நான் போட்டு வருஷக்கணக்கு ஆகிறது. தலைவர் இரண்டு கை கூப்பிய படம் ஒன்றைப் பதிலாகப் போட்டார். அதோடு சரி.

அண்ணி சுவிட்சைப் போட்டுவிட்டு அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். மோட்டார் உறுமியது. குண்டு பல்பு ஆடியது.

"இங்கயே எடுத்துடலாம்."

"அண்ணி, அது பொய் இல்லையா?"

"அங்க அவன் இருமறான். அது நிஜம்தானே?"

அப்போது தலைவரின் மருமகள் படியிறங்கி வந்தாள். குளியலறையில் தண்ணீர் வரவில்லை, மோட்டார் போட்டாச்சா என்று கேட்க வந்தவள். அண்ணிக்கு இந்தக் கட்டடத்தில் இருக்கிற ஒரே சிநேகிதி அவள்தான். எங்கள் முகத்தைப் பார்த்ததும் விஷயத்தைக் கறந்துவிட்டாள். நான் பயந்துபோய் நின்றேன். அவள் சுவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"எங்க மாமனார்கிட்ட இருந்து காசு வாங்கணும்னா சும்மா நடக்குமா? இருங்க, என் பொண்ணைக் கூட்டிட்டு வரேன்."

பெண்ணையும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேரையும் பழைய ஸ்வெட்டர்களோடு அழைத்து வந்தாள். முகத்தில் தூசி பூச எதுவும் தேடவேண்டியிருக்கவில்லை. சுவரில் சாயச் சொன்னோம், பெற்றவளுக்கே அடையாளம் தெரியாத அளவுக்கு அப்பிக்கொண்டது. தலைவரின் பேத்திக்குத்தான் சிரிப்பு அடங்கவில்லை. மோட்டார் உறுமினால் சிரித்தாள், அண்ணி முக்காடு போட்டால் சிரித்தாள்.

"தாத்தா சைக்கிள் வாங்கித் தர மாட்டேன்னாரே, அதை நினைச்சுக்கோடி" என்றாள் அம்மா.

குழந்தை நினைத்துக்கொண்டது. உதடு கோணியது. அதற்குப் பிறகு நிறுத்துவதுதான் கஷ்டமாக இருந்தது.

அண்ணி பல்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். முகம் நிழலில் இருந்தது. குரலால் யாராவது கண்டுபிடித்துவிடுவார்களோ என்று கேட்டேன். இங்க யாரு என் குரலைக் கேட்டிருக்காங்க என்றாள். உண்மைதான். அந்த ஊர்க்காரி ஒருத்தி இதே கட்டடத்தில் இருக்கும்போது, அங்கே நிலைமை எப்படி என்று கமிட்டியில் ஒருவர்கூட அவளிடம் கேட்டதில்லை. கேட்டிருந்தால் படமே தேவைப்பட்டிருக்காது.

அவள் முப்பத்திரண்டு நம்பரையும் வரிசை மாறாமல் சொன்னாள். பிறகு, குளிர் வருகிறது, பையனுக்கு மூச்சு வாங்குகிறது, வெள்ளிக்கிழமை வண்டி கிளம்புகிறது, அதில் மருந்து வந்தால் அவன் தூங்குவான் என்று சொன்னாள். அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. மோட்டார் சத்தம் தூரத்தில் விமானம் போகிற மாதிரிப் பதிவாகியிருந்தது. நான் அதை அப்படியே விட்டுவிட்டேன்.

மறுநாள் கூட்டத்தில் வீடியோ முடிந்த பிறகும் யாரும் விளக்கைப் போடவில்லை. தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கேக் ஏலக்காரர் தன் நம்பர் தெளிவாக விழுந்தது என்று தலையாட்டினார். ஆனால் பல் டாக்டர் திரைக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"அந்த அழுற குழந்தையை நிறுத்திக் காட்டும்மா."

நிறுத்தினேன். வாய் அகலத் திறந்திருந்தது. டாக்டர் குனிந்து பார்த்தார். போன மாதம்தான் தலைவர் பேத்தியின் கடைவாய்ப் பல்லை அவர் அடைத்திருந்தார்.

"எவ்வளவு நேர்த்தியா அடைச்சிருக்காங்க பாருங்க. அங்கயும் நல்ல டாக்டர் இருக்கத்தான் செய்யறார்."

அதைச் சொல்லிவிட்டுத் திருப்தியாகத் தன் இடத்தில் போய் உட்கார்ந்தார்.

தலைவர் இன்னும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சின்னப் பெண்ணின் அழுகை மனதைப் பிசைகிறது, தன் பேத்தி வயதுதான் இருக்கும் என்றார். டீ கொண்டுவந்த மருமகள் தட்டைக் கீழே வைத்தாள். "ஆமா மாமா, அதே வயசுதான். சைக்கிள்கூட இல்லையாம் பாவம்." தலைவருக்கு மறுபடி கண்ணாடியைத் துடைக்க வேண்டியதாயிற்று.

மீதிப் பணம் அன்றே அனுப்பலாம் என்று முடிவானது. நான் ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தேன். தலைவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அந்தச் சுவத்தைப் பார்த்தீங்களா? அதுக்குக் கீழ மனுஷங்க எப்படிம்மா இருக்க முடியும்? ஈரம் சொட்டுது, கம்பி நீட்டிக்கிட்டு இருக்கு. இப்படி விட்டவங்க மனுஷங்களா?"

சுவரைச் சரிசெய்யத் தனியாக ஒரு தொகை ஒதுக்கத் தீர்மானம் போட்டார்கள். ஒருமனதாக நிறைவேறியது. பாதி உடனே. மீதி, கட்டி முடித்த சுவரின் படம் வந்த பிறகு.

வெள்ளிக்கிழமை வண்டி கிளம்பியது. சுவருக்கென்று வந்த பாதியும் போர்வைகளாகி அதே வண்டியில் ஏறியது. பிறகு ஒரு தகவலும் இல்லை. அண்ணி துவைத்த துணியையே திரும்ப மடித்தாள். ஞாயிறு காலை அக்காவிடமிருந்து ஒரு ஒலிப்பதிவு வந்தது. பேச்சு எதுவும் இல்லை. ஃபோனைத் தூங்குகிற பையனின் வாய்க்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள் என்று கொஞ்சம் கேட்ட பிறகுதான் புரிந்தது. மூச்சு மட்டும் வந்து போனது. விசில் இல்லை. அண்ணி அதை அண்ணனிடம் கொடுத்துக் கேட்கச் சொன்னாள். பிறகு என்னிடம் கொடுத்தாள். பிறகு அவளே எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பனிக்காலத்துக்கு முன்னால் இன்னொரு வண்டி போக வேண்டும். சங்கப் பெட்டியில் மிச்சம் இருந்தது சுவரின் இரண்டாவது பாதி மட்டும்தான். அதற்குச் சுவர் எழும்ப வேண்டும்.

அண்ணியும் மருமகளும் நானும் சிமென்டும் மணலும் கரண்டியும் வாங்கினோம். அந்த வாரம் மோட்டார் முறை மருமகள் வீட்டுடையது என்பதால் யாரும் கீழே வரவில்லை. சிமென்ட் இறுகும்போது என்னென்ன வினை நடக்கிறது என்பதை நான் மூன்று வருஷம் படித்திருந்தேன். அது சுவரில் ஒட்டாமல் ஏன் என் காலில் விழுகிறது என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. முதல் நாள் பூசியது சாயங்காலத்துக்குள் இறங்கிவிட்டது. மருமகள் மாவு பிசைகிற பதத்துக்குக் குழைத்தாள், கொஞ்சம் நின்றது. அண்ணி கம்பியை உள்ளே வளைத்துவிட்டாள். நான் கசிவுக்குப் பூச்சு அடித்தேன். மூன்றாவது முறை பூசியபோது சுவர் சுவர் மாதிரி ஆகிவிட்டது. வெள்ளையும் அடித்தோம். பேத்திக்கு மறுபடி முகத்தில் தூசி பூசி, அதே ஸ்வெட்டரில் முன்னால் நிறுத்தினோம். இந்த முறை அவள் சிரிக்கலாம் என்று சொன்னோம். அதற்குள் தாத்தா சைக்கிள் வாங்கிக் கொடுத்திருந்தார். பாவம் அந்தக் குழந்தை என்று சொல்லிச் சொல்லியே வாங்கிக் கொடுத்தாராம்.

வருடாந்தரப் பொதுக்குழுவில் தலைவர் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் போடச் சொன்னார். இடிந்த சுவர், கட்டிய சுவர். கை தட்டினார்கள். பாட்டு டீச்சர் அழுதார். மீதிப் பணத்துக்கு அங்கேயே ஒப்புதல் கிடைத்தது.

தரைத்தளத்தில் குடியிருக்கிற தையல்காரர் பின்வரிசையிலிருந்து கை தூக்கினார். நம்ம மோட்டார் ரூம் சுவரும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான் விழுகிற நிலையில் இருக்கிறது, அதையும் கொஞ்சம் கவனித்தால் நல்லது என்றார். அவர் போய்ப் பார்த்து எவ்வளவு நாள் ஆயிற்றோ.

தலைவர் வருத்தத்தோடு சிரித்தார்.

"பராமரிப்புல பணம் எங்கங்க இருக்கு? அங்க ஜனங்க எப்படி இருக்காங்கன்னு இப்பத்தானே பார்த்தீங்க. நாம கொஞ்சம் பொறுத்துக்கலாம்."

அதற்கும் கை தட்டினார்கள். தையல்காரரே தட்டினார். நான் புரொஜெக்டரை அணைத்தேன்.

அன்று மாலை அக்கா கூப்பிட்டாள். அடுத்த வண்டிக்கு ஏற்பாடு ஆகிவிட்டது என்று அண்ணி சொன்னாள். அக்காவுக்கு அது முன்னமே டிரைவர் மூலமாகத் தெரிந்திருந்தது. அவள் கேட்க வந்தது வேறு.

"அவங்களுக்கு வீடியோ பிடிச்சிருந்துதா? ரெண்டாவதுல இவன் இருமிட்டான். எனக்கு ஒரே சங்கடமா போச்சு."

அண்ணி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"முதல்ல அனுப்பினியே, அதைத்தான் பார்த்தாங்க. தலை வாரி, பூ எல்லாம் வரைஞ்சு. எல்லாருக்கும் ரொம்பப் பிடிச்சுது."

"அப்பாடா" என்றாள் அக்கா. "அன்னைக்குக் குளிப்பாட்டவே குடிக்கிற தண்ணியில ரெண்டு வாளி போச்சு. வீணாயிடுச்சோன்னு நினைச்சிட்டே இருந்தேன்."

வீணாகவில்லை என்றாள் அண்ணி. அதைச் சொல்லும்போது கட்டைவிரல் நகத்தில் இன்னும் ஒட்டியிருந்த சிமென்டைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். அது சுலபத்தில் வரவில்லை.